விரிசல் விட்ட ஸ்டீயரிங், ஊமையான ஹாரன்

பழைய கார் வாங்கப் போகிறவர் முதலில் பெயின்டைப் பார்ப்பார். அடுத்து பானெட்டைத் தூக்கி இன்ஜின் சத்தத்தைக் கேட்பார். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடிப்பது கடைசியில்தான். அப்போதுதான் விரலில் விரிசல் நெருடும். ஹாரன் பொத்தானை அழுத்தினால் சத்தம் வராது. "அது சின்ன வேலைதான் சார்" என்பார் விற்பவர்.

அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. செலவு குறைவு, கருவிகளும் எளியவை, பொறுமை இருந்தால் வீட்டுத் திண்ணையிலேயே முடித்துவிடலாம். ஆனால் ஸ்டீயரிங்கைப் பிடித்து நிற்பது ஒரே ஒரு நட்டு. அதைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் வரிசை தவறினால் அழகுக்குச் செய்த வேலை ஆபத்தில் முடியும். ஆகவே இந்த அத்தியாயம் எதை முதலில் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதைத்தான் அதிகம் பேசுகிறது.

எடுத்துக்காட்டு: மோரிஸ் மைனர் 1000

இங்கே மாதிரியாக எடுத்துக்கொண்ட கார் மோரிஸ் மைனர். 1948இல் அறிமுகமான இந்த பிரிட்டிஷ் கார் 16 லட்சத்துக்கும் மேல் விற்பனையானது. 1956இல் வந்த 'மைனர் 1000' மாடலில்தான் நடுப்பகுதி குழிந்த ஸ்டீயரிங் வந்தது. இலங்கைச் சாலைகளில் இந்தக் கார்களை இன்றும் பார்க்கலாம். 1990களில் எரிபொருள் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் ஆஸ்டின் ஏ40, மோரிஸ் மைனர் போன்ற பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கைக்குக் கிடைத்ததைக் கொண்டு பழுது பார்த்துக்கொள்ள இடம் கொடுத்த வண்டிகள் அவை.

மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்த அம்பாசடர், சென்னை வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, மும்பையின் பிரீமியர் பத்மினி, ஜெர்மனியின் பீட்டில் என எந்தக் காராக இருந்தாலும் வேலையின் வரிசை இதுதான். மாறும் இடங்கள் அங்கங்கே சொல்லப்பட்டிருக்கின்றன. நட்டின் அளவையும் முறுக்கு அளவையும் மட்டும் அந்தந்த மாடலின் ஒர்க்‌ஷாப் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மொத்தம் 10 முதல் 14 நாள் ஒதுக்குங்கள். உண்மையான கைவேலை இரண்டு மூன்று நாள்தான். மற்றதெல்லாம் பட்டி இறுகவும் பெயின்ட் காயவும் காத்திருக்கும் நேரம். இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை அந்தக் காத்திருப்பைச் சுருக்கப் பார்ப்பதால் வருபவை.

கையில் இருக்க வேண்டியவை

கழற்ற: சரியான அளவு பாக்ஸ் ஸ்பானர், ஸ்டீயரிங் புல்லர், அகலம் குறைந்த திருப்புளி, டார்க் ரென்ச்.

விரிசலுக்கு: ஆக்சா பிளேடு, முக்கோண அரம், கம்பித் தூரிகை, ஐசோபுரோபைல் ஆல்கஹால், எபாக்சி பட்டி, 80 முதல் 2000 வரையிலான எண்களில் உப்புத்தாளும் வாட்டர் பேப்பரும்.

மின்வேலைக்கு: மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் பல்பு, ஒரு மீட்டர் நீள ஒயர், மெல்லிய கான்டாக்ட் அரம்.

பாதுகாப்புக்கு: கண்ணாடி, தூசு முகமூடி, நைட்ரைல் கையுறை, காதடைப்பான்.

முதலில் தேய்த்து முகர்ந்து பாருங்கள்

வளையம் எந்தப் பொருளால் ஆனது என்று தெரியாமல் அதில் அரத்தை வைக்கக் கூடாது. ஸ்டீயரிங்கின் பின்பக்கம், வெளியே தெரியாத இடத்தில் கட்டைவிரலால் சூடேறும்வரை தேய்த்து உடனே முகர்ந்து பாருங்கள்.

கந்தக வாசம் வந்தால் அது எபொனைட் என்னும் கடின ரப்பர். வெயில் பட்டுப் பட்டுக் கறுப்பு நிறம் பழுப்பாக மாறியிருக்கும். வெந்நீரில் கழுவினால் நிறம் இன்னும் கெடும்; ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

காடி வாசம் வந்தால் செல்லுலோஸ் அசிடேட். பொருள் உள்ளுக்குள் சிதையத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம். விரிசலை அடைக்கலாம், ஆனால் புதிய விரிசல்கள் பிறகும் வரும்.

கற்பூர வாசம் வந்தால் செல்லுலாய்டு. இது எளிதில் தீப்பற்றும். இதை மின்கருவியால் தேய்க்கக் கூடாது. பக்கத்தில் நெருப்பும் இருக்கக் கூடாது. தூசி பறக்காதபடி ஈரமாகவே கையால் தேய்க்க வேண்டும், அல்லது அனுபவமுள்ளவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

விரிசல் ஏன் வருகிறது என்பதை ஒரே பத்தியில் சொல்லிவிடலாம். வளையத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி இருக்கிறது. வெயிலில் பிளாஸ்டிக் அந்தக் கம்பியைவிடப் பல மடங்கு விரிந்து, இரவில் சுருங்கும். ஆண்டுகள் ஓட ஓட பிளாஸ்டிக் உலர்ந்து அளவே குறையும், கம்பி குறையாது. இழுபட்ட பிளாஸ்டிக் பிளக்கிறது. ஸ்போக் வந்து சேரும் இடங்களில் விரிசல் கூடுதலாக இருப்பதும் இதனால்தான்.

கழற்றுதல்

1. முன்சக்கரங்களை நேராக நிறுத்தி, கை பிரேக் போடுங்கள். ஸ்டீயரிங்கை நேர் எதிரிலிருந்தும் பக்கத்திலிருந்தும் படம் எடுங்கள்.

2. பேட்டரியின் எர்த் ஒயரை முதலில் கழற்றுங்கள். மோரிஸ் மைனரில் பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். அந்தக் காரில் பாடியோடு இணைந்திருப்பது பாசிட்டிவ் முனை. பழக்கதோஷத்தில் நெகட்டிவ்வை முதலில் கழற்றப்போய் ஸ்பானர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். எந்த ஒயர் பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்த பிறகே கை வையுங்கள்.

3. ஹாரன் பொத்தானைக் கழற்றுங்கள். சிலவற்றை நெம்பினால் வந்துவிடும். சிலவற்றை அழுத்தித் திருக வேண்டும். சிலவற்றைப் பிடித்திருப்பது ஹப்பின் பக்கவாட்டில் உள்ள சின்னஞ்சிறு ஸ்க்ரூ. நெம்பும்போது திருப்புளிக்கு அடியில் துணி வையுங்கள். ஸ்பிரிங், பித்தளைத் தட்டு, ஃபைபர் வாஷர் எல்லாம் எந்த வரிசையில் வருகின்றனவோ அதே வரிசையில் ஒரு தட்டில் அடுக்கிப் படம் எடுங்கள்.

4. நட்டைத் தளர்த்துவதற்கு முன், தண்டின் முனையிலும் ஹப்பிலும் ஒரே நேர்கோட்டில் அடையாளம் போடுங்கள். மார்க்கர் மை கழுவும்போது அழிந்துவிடும். கூர்முனையால் மெல்லிய கீறல் போட்டால் போதும்.

5. நட்டை இரண்டு மூன்று சுற்று மட்டும் தளர்த்துங்கள். முழுதாக எடுக்க வேண்டாம். ஸ்டீயரிங் திடீரென்று கழன்றால் முகத்தில் அடிக்காமல் தடுப்பது அந்த நட்டுதான்.

6. புல்லரை மாட்டி மெதுவாக முறுக்குங்கள். புல்லர் பிடிக்க இடமில்லை என்றால், இருக்கையில் உட்கார்ந்து முழங்கால்களை ஸ்போக்குகளுக்குப் பின்னால் கொடுத்து, வலமும் இடமும் மாறி மாறி அசைத்து இழுங்கள். முந்தின இரவே துருநீக்கும் எண்ணெய் விட்டிருந்தால் எளிதாக வரும்.

எச்சரிக்கை: தண்டின் முனையில் சுத்தியலால் அடிக்கவே கூடாது. மரை நசுங்கும், கீழே ஸ்டீயரிங் பாக்ஸின் பேரிங் பழுதாகும். மோதலில் உள்வாங்கும்படி அமைத்த தண்டுகளில் அந்த அடியே பாதுகாப்பு அமைப்பைக் கெடுத்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை: 1940, 50களின் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் ஹாரன் ஒயர் ஒரு மெல்லிய குழாய்க்குள் ஓடி, ஸ்டீயரிங் பாக்ஸின் அடிமுனை வழியாக வெளியே வரும். அந்தக் குழாயைப் பிடித்திருக்கும் நட்டுதான் எண்ணெய்க் கசிவையும் தடுக்கிறது. மேலிருந்து குழாயை இழுத்தாலோ திருகினாலோ ஒயர் அறுந்துபோகும், பாக்ஸிலிருந்து எண்ணெயும் ஒழுகும்.

இந்த ஸ்டீயரிங்கை மீட்கலாமா?

பட்டியைத் தொடுவதற்கு முன் ஸ்டீயரிங்கை வெளிச்சத்தில் வைத்து நான்கு இடங்களைப் பாருங்கள்: ஹப்பின் உள்பல், ஸ்போக் வேர், ஸ்போக்கும் வளையமும் சேரும் பற்று, விரிசலுக்குள் தெரியும் இரும்புக் கம்பி.

உள்பல் தேய்ந்து, தண்டில் மாட்டினால் ஆடுகிறதா? ஸ்போக் வேரில் முடிக்கோடு போல வெடிப்பு இருக்கிறதா? பற்று விட்டிருக்கிறதா? துருவால் கம்பி மெலிந்துவிட்டதா? இவற்றில் ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் அந்த ஸ்டீயரிங் சாலைக்கு உதவாது. எபாக்சி பட்டி பிளாஸ்டிக்கின் இடத்தை நிரப்பும். இரும்பின் வேலையைச் செய்யாது. அப்படிப்பட்டதைச் சுவரில் மாட்டி வைத்துவிட்டு, நல்ல எலும்புக்கூடு உள்ள இன்னொன்றைத் தேடுங்கள். சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் தேடும்போது மேற்பூச்சைப் பார்த்து விலை பேசாமல் உள்பல்லைப் பார்த்து வாங்க வேண்டும். விரிசல் விட்ட ஸ்டீயரிங் மலிவாகக் கிடைக்கும், அதை நாமே சரிசெய்துவிடலாம்.

விரிசலை அடைத்தல்

7. பாத்திரம் கழுவும் சோப்புநீரும் பல்தூரிகையும் கொண்டு கழுவுங்கள். எபொனைட்டாக இருந்தால் இந்தப் படி வேண்டாம். உலர்ந்ததும் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடையுங்கள். துணியில் கறுப்பு ஒட்டுவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். பல ஆண்டு வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஊறியிருக்கும்.

8. ஒவ்வொரு விரிசலையும் 'வி' வடிவப் பள்ளமாக அகலப்படுத்துங்கள். ஆக்சா பிளேடால் இரும்புக் கம்பி தெரியும்வரை அறுத்து, முக்கோண அரத்தால் மேல்வாயை 4, 5 மில்லிமீட்டருக்கு விரியுங்கள். நல்ல பிளாஸ்டிக்கை அறுக்க மனம் வராது. ஆனால் மயிரிழை விரிசலின்மேல் பட்டியைத் தடவினால் அது உள்ளே இறங்காது. சில வாரங்களிலேயே அதே கோடு திரும்பி வரும்.

9. கம்பியில் உள்ள துருவைச் சுரண்டி எடுங்கள். துருவின்மேல் பட்டி பிடிக்காது. மீண்டும் ஆல்கஹாலால் துடையுங்கள். இதன் பிறகு வெறுங்கையால் தொடக் கூடாது.

10. எபாக்சி பட்டியின் இரண்டு பாகங்களையும் சம அளவு எடுத்து, ஒரே நிறம் வரும்வரை பிசையுங்கள். ஹார்டுவேர் கடைகளில் எம்-சீல் என்ற பெயரில் கிடைப்பது இந்த வகைதான். ஒரு தடவையில் இரண்டு மூன்று விரிசலுக்கு வேண்டிய அளவு மட்டும் பிசைந்தால் போதும்.

11. பள்ளத்தின் அடியிலிருந்து அழுத்தி நிரப்பிக்கொண்டு வாருங்கள். காற்றுக் குமிழி தங்கக் கூடாது. மேற்பரப்பைவிட ஒரு மில்லிமீட்டர் உயரமாக விடுங்கள். ஈரவிரலால் தடவி வடிவம் கொடுங்கள். வளையத்தின் பின்பக்கம் விரல் பதியும் மேடுபள்ளங்கள் இருந்தால், பட்டி இளகலாக இருக்கும்போதே அவற்றின் வடிவத்தை உருவாக்கிவிடுவது எளிது.

12. 24 மணி நேரம் முழுதாக விடுங்கள். மழைக்காலமானால் இன்னும் ஒரு நாள் சேருங்கள். பிறகு 80, 120, 220 என்று உப்புத்தாளை மாற்றித் தேய்த்து, 400 வாட்டர் பேப்பரில் முடியுங்கள். தாளை நாடாபோல நீளமாகக் கிழித்து, செருப்புக்குப் பாலிஷ் போடுவது போல வளையத்தைச் சுற்றி இழுத்துத் தேய்த்தால் உருண்டை வடிவம் கெடாது.

அடிக்கடி நடக்கும் தவறு: கார் பாடிக்கு அடிக்கும் சாதாரண பாலியெஸ்டர் பட்டியைப் பயன்படுத்துவது. தகரத்தின்மேல் அது நன்றாகப் பிடிக்கும். வளைந்து கொடுத்து, வெயிலில் விரிந்து சுருங்கும் வளையத்தில் உதிர்ந்துவிடும்.

பெயின்ட்

கையில் பட்டி சமமாகத் தெரிந்தாலும் பெயின்டில் குறை பளிச்சென்று தெரியும். எனவே முதல் பிரைமர் கோட்டைக் குறை கண்டுபிடிக்கும் கோட்டாக வைத்துக்கொள்ளுங்கள். பிரைமர் காய்ந்ததும் அதன்மேல் வேறு நிறத்தை லேசாகத் தூவி, 400 வாட்டர் பேப்பரால் தேயுங்கள். தூவிய நிறம் எங்கே அழியாமல் நிற்கிறதோ அங்கே பள்ளம் இருக்கிறது. அங்கே பட்டி தொட்டு, மறுபடி பிரைமர் அடியுங்கள். இப்படி மூன்று தடவை செய்ய வேண்டி வந்தாலும் சலிக்காமல் செய்யுங்கள்.

மேல்கோட்டுக்கு ஹார்டனர் கலக்கும் பி.யு. பெயின்ட் சிறந்தது. ஸ்டீயரிங் அளவுக்குக் கை வியர்வையும் மோதிர உரசலும் படும் இடம் காரில் வேறில்லை. சாதாரண பெயின்ட் அதைத் தாங்காமல் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சோடு உள்ளே போனால் நிரந்தர ஆஸ்துமா வரக்கூடும். தூசு முகமூடி அதைத் தடுக்காது. தேய்த்து பிரைமர் அடித்த ஸ்டீயரிங்கை பெயின்ட் பூத் உள்ள பட்டறையில் கொடுத்து மேல்கோட்டு மட்டும் அடித்து வாங்குவதே சரி. முக்கால் வேலையை நீங்கள் முடித்துவிட்டதால் கூலியும் குறையும்.

நிறத்தை இணையப் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஹப்புக்குள், ஹாரன் பொத்தானுக்கு அடியில் வெயில் படாத பகுதியில் பழைய அசல் நிறம் அப்படியே இருக்கும். அதையே மாதிரியாகக் காட்டுங்கள்.

பெயின்ட் அடித்ததும் ஒரு வாரம் தொடாமல் தொங்கவிடுங்கள். பிறகு 1500, 2000 வாட்டர் பேப்பர், அதன்மேல் பாலிஷ்.

ஹாரன் வளையமும் சின்னமும்

குரோம் பூசிய ஹாரன் வளையங்கள் பல, துத்தநாகக் கலவையை வார்த்துச் செய்தவை. அதில் புள்ளிப்புள்ளியாகப் பொங்கியிருப்பது இரும்புத் துரு அல்ல. அமிலத்தில் போட்டாலோ கம்பித் தூரிகையால் தேய்த்தாலோ வளையமே அரித்துப்போகும். சோப்புநீரும் மென்மையான குரோம் பாலிஷும் போதும். திரும்ப முலாம் பூச வேண்டுமானால் துத்தநாக வார்ப்புக்கு முதலில் செம்புப் பூச்சு கொடுக்கத் தெரிந்த பட்டறையில் கொடுங்கள். குரோம் முலாம் குளியல் நச்சு மிகுந்தது. வீட்டில் முயலும் வேலை அல்ல.

பொத்தானின் நடுவில் உள்ள பிளாஸ்டிக் சின்னத்தின் நிறம் பின்பக்கத்தில் பூசப்பட்டிருக்கும். தின்னர், பெட்ரோல் எதுவும் படக் கூடாது. வெறும் நீர் தோய்த்த பஞ்சு போதும்.

ஹாரன்: பழுது எந்தப் பக்கம்?

மோரிஸ் மைனரில் மின்சாரம் பியூஸ் வழியாக எப்போதும் ஹாரனுக்கு வந்துகொண்டே இருக்கும். பொத்தானை அழுத்தினால் எர்த் இணைப்பு கிடைத்து ஹாரன் ஒலிக்கும். பழைய கார்கள் பலவற்றில் இதே ஏற்பாடுதான். இது புரிந்துவிட்டால் பழுதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும். பேட்டரியை மறுபடி இணைத்து, இந்த வரிசையில் பாருங்கள்.

13. பியூஸ். எடுத்து இரு முனைகளையும், அது உட்காரும் கிளிப்பையும் சுத்தம் செய்யுங்கள். மாற்றும்போது கவனம்: லூகாஸ் கண்ணாடி பியூஸில் 35 என்று போட்டிருப்பது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது சுமார் 17 ஆம்பியர்தான். எண்ணைப் பார்த்து வேறு தர முறையிலான 35 ஆம்பியர் பியூஸைப் போட்டால், ஒயர் உருகிய பிறகும் பியூஸ் போகாது.

14. மின்வரவு. டெஸ்ட் பல்பின் ஒரு முனையை பாடியிலும், மறுமுனையை ஹாரனின் ஒவ்வொரு டெர்மினலிலும் வையுங்கள். வரவு ஒயர் பக்கம் பல்பு எரிய வேண்டும். எரியாவிட்டால் பழுது பியூஸுக்கும் ஹாரனுக்கும் நடுவில் இருக்கிறது. இடையிலுள்ள புல்லட் கனெக்டர்களைக் கழற்றித் தேய்த்து மாட்டுங்கள்.

15. ஹாரன். பொத்தானிலிருந்து வரும் ஒயரை ஹாரனிலிருந்து எடுத்துவிட்டு, அந்த டெர்மினலை ஒரு துண்டு ஒயரால் பாடியின் சுத்தமான இரும்பில் ஒரு கணம் தொடுங்கள். ஹாரன் ஒலித்தால் அது நன்றாக இருக்கிறது. குற்றம் பொத்தானிலோ தண்டிலோ இருக்கிறது. 'டிக்' என்று மட்டும் கேட்டால் உள்ளே கான்டாக்ட் பழுது அல்லது அளவு தவறியிருக்கிறது. எதுவுமே கேட்காவிட்டால் ஹாரனை இறக்க வேண்டும்.

16. தண்டு. எடுத்த ஒயரைத் திரும்ப மாட்டிவிட்டு, தண்டின் அடியில் ஹாரன் ஒயர் வெளிவரும் கனெக்டரில், ஹாரன் பக்க முனையை எர்த் செய்யுங்கள். பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் இது ஊதாவில் கறுப்புக் கோடு போட்ட ஒயர். இன்னும் பழையவற்றில் பழுப்பில் கறுப்புக் கோடு. ஒலித்தால் பழுது அதற்கு மேலே: தேய்ந்த கார்பன் பிரஷ், கறுத்த பித்தளை வளையம், தளர்ந்த ஸ்பிரிங், கிழிந்த ஃபைபர் வாஷர் ஆகியவற்றில் ஒன்று.

பீட்டில் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அதன் ஸ்டீயரிங் தண்டுக்கு நடுவில் ஒரு ரப்பர் இணைப்பு உண்டு. ரப்பர் மின்சாரத்தைத் தடுப்பதால் எர்த் போய்வர ஒரு சின்ன ஒயரை அதன் குறுக்கே கொடுத்திருப்பார்கள். அது அறுந்திருந்தால் புது ஹாரன் வாங்கிப் போட்டாலும் ஒலிக்காது. பழைய பீட்டில்கள் 6 வோல்ட் என்பதையும் மறக்க வேண்டாம். 12 வோல்ட் ஹாரன் அதில் முனகும்.

ஹாரன் நிற்காமல் அலறினால் தண்டுக்குள் ஒயரின் உறை கிழிந்து இரும்பில் உரசுகிறது. உடனே ஹாரன் ஒயரைப் பிடுங்கி, முனையில் டேப் சுற்றுங்கள். அந்த ஒயரை மாற்றாமல் ஸ்டீயரிங்கைத் திரும்ப மாட்ட வேண்டாம்.

ஹாரனின் குரலைத் திருப்புதல்

உள்ளே இருப்பது ஒரு மின்காந்தம், ஒரு மெல்லிய உலோகத் தகடு, தகடு அசையும்போது திறந்து மூடும் ஒரு ஜோடி கான்டாக்ட். அவ்வளவுதான்.

17. விளிம்பில் ஸ்க்ரூ உள்ள ஹாரனை மட்டும் திறங்கள். ரிவெட் அடித்ததைத் திறப்பது கடைசி முயற்சியாக இருக்கட்டும். கேஸ்கெட் கிழியாமல் எடுங்கள். தகட்டுக்கும் காந்தத்துக்கும் உள்ள இடைவெளியைத் தீர்மானிப்பது அதன் தடிமன்தான். புதிதாக வெட்டினால் அதே தடிமனில் வெட்ட வேண்டும்.

18. கான்டாக்ட் முனைகளை மெல்லிய அரத்தால் இரண்டு மூன்று இழுப்பு இழுத்து, ஆல்கஹாலால் துடையுங்கள். தகட்டில் வெடிப்பு இருந்தால் ஒட்டவோ பற்றவைக்கவோ வேண்டாம். தகட்டையே மாற்ற வேண்டும்.

19. மூடிய பிறகு, ஹாரனின் உடலை நெருக்காமல் அதன் பட்டையை மட்டும் வைஸில் பிடித்து, காதடைப்பான் போட்டுக்கொண்டு பேட்டரியோடு பியூஸ் வழியாக இணையுங்கள். கைக்கெட்டும் தூரத்தில் ஹாரன் ஒலி 100 டெசிபலைத் தாண்டும்.

20. பின்பக்கத்தில் ஓரமாக உள்ள சின்ன ஸ்க்ரூதான் அளவு திருத்தும் ஸ்க்ரூ. லூகாஸ் வகைகளில் அதை இடப்பக்கமாகத் திருப்பி ஒலி நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து வலப்பக்கம் கால் சுற்று திருப்பி நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு நொடிக்கு மேல் ஒலிக்கவிட வேண்டாம். நடுவில் லாக் நட்டோடு இருக்கும் பெரிய ஸ்க்ரூவைத் தொடவே கூடாது. அது தொழிற்சாலையில் வைத்த அளவு.

இரண்டு ஹாரன் இருந்தால் ஒன்றின் ஒயரை எடுத்து டேப் சுற்றிவிட்டு மற்றதைத் திருத்துங்கள். சாதாரண தட்டு ஹாரன் ஒன்று சுமார் 3 முதல் 5 ஆம்பியர் இழுக்கும். சங்கு வடிவ ஹாரன் ஜோடி அதைவிட அதிகம் இழுப்பதால் பொத்தானின் கான்டாக்ட் கருகும். ஒரு ரிலேயை வெளியே தெரியாத இடத்தில் வைத்து, பழைய ஒயரை வெட்டாமல் இணைத்தால் பொத்தான் பிழைக்கும். வேண்டாதபோது ரிலேயை எடுத்தும்விடலாம்.

1910, 20களின் கார் உங்களிடம் இருந்தால் அதில் மின்காந்த ஹாரனுக்குப் பதில் ரப்பர் பந்து ஹாரனோ கிளாக்சனோ இருக்கலாம். பந்து ஹாரனில் கெடுவது பெரும்பாலும் ரப்பர்தான்; உள்ளே இருக்கும் பித்தளை நாக்கை வளைக்காமல் ஊதித் தூசு நீக்கினால் போதும். மில்லர் ரீஸ் ஹட்சிசன் கண்டுபிடித்து 1908இல் விற்பனைக்கு வந்த கிளாக்சனில் ஒரு பல்சக்கரம் தகட்டின் நடுக்குமிழை உரசி ஒலி எழுப்புகிறது. அந்த இடத்தில் ஒரு பொட்டு கிரீஸ் வேண்டும்.

மாட்டுதல்

21. பேட்டரியின் எர்த் ஒயரை மறுபடி கழற்றுங்கள். முன்சக்கரங்கள் நேராக இருப்பதை உறுதி செய்யுங்கள். தண்டின் பல்லையும் மரையையும் சுத்தம் செய்யுங்கள்.

22. கார்பன் பிரஷ், ஸ்பிரிங், ஃபைபர் வாஷர் ஆகியவற்றைப் படத்தில் உள்ள வரிசைப்படி வையுங்கள். இண்டிகேட்டரைத் தானாகத் திருப்பும் மேடு சரியான பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

23. கீறல் அடையாளங்கள் ஒன்றோடொன்று சேரும்படி ஸ்டீயரிங்கை உட்கார வையுங்கள். கையால் அழுத்தியே இறங்க வேண்டும். அடித்து இறக்க வேண்டாம்.

24. புதிய லாக் வாஷர் போட்டு, நட்டைக் கையால் மரை பிடிக்கும்வரை திருகி, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சால் முறுக்குங்கள். பழைய வாஷரைத் தட்டி நிமிர்த்திப் போடுவது இந்த அத்தியாயத்திலேயே மிக ஆபத்தான சிக்கனம்.

25. பொத்தானை மாட்டி, பேட்டரியை இணையுங்கள்.

சாலைக்குப் போகும் முன்

வண்டி நின்ற நிலையிலேயே ஸ்டீயரிங்கை உங்களை நோக்கி இழுங்கள், தள்ளுங்கள், மேலும் கீழும் அசையுங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது. இரு பக்கமும் கடைசிவரை திருப்புங்கள். திருப்பும்போது ஹாரன் தானாக ஒலித்தால் ஒயர் எங்கோ உரசுகிறது. பிறகு நேராகவும், முழு வலம், முழு இடமாகவும் வைத்து ஹாரனை அழுத்திப் பாருங்கள். மூன்று நிலையிலும் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும்.

இந்தியாவில் ஓட்டுபவர்கள் சட்டத்தையும் கவனிக்க வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 119ஆம் விதி, அடுத்தடுத்து வெவ்வேறு சுரம் ஒலிக்கும் ஹாரனையும் காதைக் கிழிக்கும் ஹாரனையும் தடை செய்கிறது. 2021இல் வந்த திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் பராமரிக்கும் வாகனங்களை 'வி.ஏ.' வரிசை எண்ணில் விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். ஸ்டீயரிங்கும் ஹாரனும் அந்தப் பட்டியலில் இல்லை என்றாலும், அசலானதைச் சரிசெய்ய முடியும்போது புதியதை வாங்கி மாட்டுவது காரின் வரலாற்றில் ஒரு பக்கத்தைக் கிழிப்பதுதான். கோவை அவிநாசி சாலையில் உள்ள ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்குப் போனால் வெவ்வேறு காலத்துக் கார்களின் ஸ்டீயரிங்குகளை நேரில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நிறத்தையும் வடிவத்தையும் முடிவு செய்ய அது உதவும்.

முதல் ஓட்டத்தைப் போக்குவரத்து இல்லாத தெருவில், மெதுவான வேகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் பேட்டரியைக் கழற்றி, பொத்தானைத் திறந்து, நட்டை டார்க் ரென்ச்சால் இன்னொரு முறை சோதியுங்கள். அது கொஞ்சமாவது நகர்ந்தால், ஏன் நகர்ந்தது என்று தெரியும்வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.